காற்றுக்கு ஒரு படகு, அம்மாவின் முழங்காலுக்கு ஒரு படகு

லண்டனில் இருக்கும் தங்கை ஒரு படம் அனுப்பியிருந்தாள். நீலக் கடல், வெள்ளைப் பாய்மரப் படகு, மேல்தளத்தில் மெத்தை, கீழே ஒரு வரி: 'பத்துப் பேர் படுக்கலாம்.' கிரேக்கத்தின் மேற்குக் கரையில் லெஃப்கடா தீவிலிருந்து ஒரு வாரத்துக்கு வாடகை. சனிக்கிழமை ஏறி அடுத்த சனிக்கிழமை இறங்க வேண்டும். எங்கள் இரண்டு குடும்பமும் அம்மாவும் சேர்த்தால் சரியாகப் பத்துப் பேர். "அண்ணா, அட்வான்ஸ் கட்டிடட்டுமா?" என்று கேட்டிருந்தாள்.

கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, படகின் உள்ளமைப்பு வரைபடத்தைக் கேட்டு வாங்கினேன். அறைகள் நான்கு, அறைக்கு இருவர், ஆக எட்டுப் பேர். மீதி இருவர் எங்கே? நடுக்கூடத்தில் இருக்கும் சாப்பாட்டு மேசையின் காலைத் தாழ்த்தி, மேலே மெத்தை போட்டால் இருவர் படுக்கலாம். வாடகைப் பட்டியல்களில் '8+2' என்று போட்டிருந்தால் அந்த இரண்டு இந்த மேசைதான். இரவு பதினோரு மணிவரை அங்கே சீட்டாட்டம் நடக்கும். காலை ஆறு மணிக்குக் காபி போட ஆள் வந்துவிடும். எங்களில் யாருக்கும் இவ்வளவு பெரிய படகை ஓட்டிப் பழக்கமில்லை என்பதால் ஒரு மாலுமியையும் கூலிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் படுக்க இடம் வேண்டும். அவருக்கு ஓர் அறையைக் கொடுத்து, மேசையையும் கழித்தால், பத்துப் பேர் படகு ஆறு பேர் படகாகிவிடுகிறது.

இது வெறும் கூட்டல் கழித்தல். உண்மையான கேள்விகள் இதற்கு அப்பால் இருக்கின்றன. ஒரு படகு எப்படிக் கவிழாமல் நிற்கிறது, பாரம் ஏறினால் என்ன ஆகும், எந்த அசைவு மனிதனுக்குக் குமட்டல் தரும் என்பவற்றை ஓரளவு தெரிந்துகொண்டால், எந்தப் படகு என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

முதலில் கடல். ஒரே கிரேக்கத்தில் இரண்டு கடல்கள் இருக்கின்றன. கிழக்கே ஏஜியன், மேற்கே அயோனியன். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியனில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று அடிக்கும். மேகமே இல்லாத வெயில் வானத்தில், நாள் கணக்கில், சில சமயம் 30 நாட் வேகத்தைத் தாண்டியும் வீசும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். பழைய கிரேக்கர்கள் இதை 'ஆண்டுக்காற்று' என்ற பொருளில் எட்டீசியன் என்றார்கள். நாம் பருவக்காற்று என்பதைப் போலத்தான். பெயரோடு உறவு முடிந்துவிடவில்லை. கோடையில் துருக்கி நிலப்பரப்பின் மேல் தங்கும் தாழ்வழுத்தம், பாகிஸ்தான், ஈரான் வழியாக மேற்கே நீளும் நம் தென்மேற்குப் பருவமழைத் தாழ்வின் வால். பால்கன் பக்கம் உயரழுத்தம், துருக்கிப் பக்கம் தாழ்வழுத்தம், இரண்டுக்கும் நடுவே ஏஜியன் ஒரு வாய்க்கால்போல மாட்டிக்கொள்கிறது. குற்றாலத்தில் சாரல் விழும் அதே மாதங்களில் மிக்கோனோஸ் தீவில் படகுகள் துறையைவிட்டு நகர முடியாமல் கட்டிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அயோனியன் வேறு சுபாவம். அங்கே காலையில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து மாயிஸ்ட்ரோ எழும்பும். பெரும்பாலும் 10 முதல் 20 நாட் வரை போய், சூரியன் இறங்கும்போது தானும் அடங்கும். நிலம் சூடாகி, கடல் காற்றை இழுக்கும் அன்றாட நிகழ்வு அதற்குக் கூடுதல் பலம் கொடுக்கிறது. முதல்முறை போகும் குடும்பம், வயதானவர், சின்னப் பிள்ளைகள் என்றால் கோடையில் அயோனியன்தான் என்று நான் தயங்காமல் சொல்வேன். ஏஜியனில் உள்ள சிக்கிளாடிஸ் தீவுகளின் வெள்ளை வீடுகளை ஆகஸ்டில் பாய்மரப் படகிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு, ஏழு நாளில் நான்கு நாளைத் துறைமுகத்திலேயே கழிப்பதில் என்ன சுகம்?

அடுத்தது படகு. வாடகைக்குக் கிடைப்பவற்றில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஒன்று ஒற்றை உடல் படகு. இன்னொன்று இரண்டு உடல்களைப் பாலம்போட்டு இணைத்த கட்டமரான்.

கட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரம்தான். சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தை வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதினார். பெயர் நம்முடையது, வடிவம் நம்முடையதன்று. நம்முடையது இடைவெளியில்லாமல் சேர்த்துக் கட்டிய மரங்களின் மிதவை. நடுவில் இடைவெளிவிட்ட இரட்டை உடல், பசிபிக் தீவு மக்களின் இரட்டைத் தோணியிலிருந்து வந்தது. அமெரிக்கர் நத்தானியல் ஹெரஷாஃப் 1876-இல் அப்படி ஒன்றைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் ஓட்டினார். ஒற்றை உடல் படகுகளை எல்லாம் அது பின்னுக்குத் தள்ளியது. பிறகு அந்த வகையையே பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டார்கள்.

இந்த இரண்டும் நிமிர்ந்து நிற்கும் விதம் அடிப்படையிலேயே வேறு. ஒற்றை உடல் படகு ஒரு தஞ்சாவூர்ப் பொம்மை. அந்த ராஜா ராணி பொம்மையின் அடியில் கனம் இருப்பதால் எவ்வளவு சாய்த்தாலும் எழுந்து உட்காரும். படகின் அடியில் ஈயத்திலோ இரும்பிலோ வார்த்த கீல் என்ற கனமான தகடு தொங்குகிறது. மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அதுவாகவே இருக்கலாம். காற்று பாயைத் தள்ளத் தள்ளப் படகு சாய்கிறது. சாயச் சாயக் கீல் பக்கவாட்டில் தூக்கப்பட்டு, திரும்பக் கீழே வரத் துடிக்கிறது. சாய்ந்த பாயில் காற்று முழுதாக மோதாமல் மேலே வழுக்கிப் போவதும் உண்டு. ஆகவே காற்று கூடினால் படகே தலை குனிந்து கொஞ்சம் காற்றை விட்டுவிடுகிறது. நல்ல ஒற்றை உடல் படகு 110 டிகிரிக்கு மேல் சாய்ந்தாலும், பாய்மரம் தண்ணீரைத் தொட்டாலும், எழுந்துவிடும்.

கட்டமரான் ஒரு கட்டில். கால்களை அகட்டி வைத்திருப்பதால் நிற்கிறது. 12 மீட்டர் நீளமும் 10 டன் எடையும் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு உடல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 5 மீட்டர். ஒரு பக்கம் காற்று அழுத்தும்போது மறுபக்க உடல் லேசாகிக்கொண்டே வரும். அது தண்ணீரைவிட்டு எழும் தருணத்தில் 10 டன் எடையும் இரண்டரை மீட்டர் நெம்புகோலில் படகை நிமிர்த்தப் பார்க்கும். அதாவது 25 டன்-மீட்டர். அதே நீளமும் 8 டன் எடையும் உள்ள ஒற்றை உடல் படகில் அந்த நெம்புகோல் பெரும்பாலும் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. ஆக, கட்டமரான் மூன்று மடங்குக்கு மேல் விறைப்பாக நிற்கிறது. தேநீர்க் கோப்பை மேசையில் அப்படியே இருக்கும்.

இதன் மறுபக்கத்தை விளம்பரம் சொல்லாது. அந்த 25 டன்-மீட்டர் உச்சம் சுமார் 10 டிகிரி சாய்விலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நிமிர்த்தும் பலம் கூடாது, குறையத்தான் செய்யும். கவிழ்ந்தால் தலைகீழாக அதே உறுதியோடு மிதக்கும். வாடகைக் கட்டமரான்கள் கனமானவை, பாய்களும் அளவானவை என்பதால் இது மிக அரிது. ஆனால் படகு சாய்ந்து கொடுக்காததால் காற்றின் முழு விசையும் பாய்மரத்திலும் அதைத் தாங்கும் கம்பிகளிலும் ஏறுகிறது. விசை காற்றின் வேகத்தைப் போலக் கூடுவதில்லை, அதன் வர்க்கத்தைப் போலக் கூடுகிறது. 10 நாட் 20 ஆனால் விசை நான்கு மடங்கு. 15 நாட் 21 ஆனாலே ஏறத்தாழ இரு மடங்கு. ஒற்றை உடல் படகில் அந்த ஆறு நாட் வித்தியாசத்தைக் கால் உணரும், சமையலறைத் தட்டுகள் உணரும், யாராவது கத்துவார்கள். கட்டமரானில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் சுக்கான் சக்கரத்தருகே ஓர் அட்டை ஒட்டியிருப்பார்கள்: இத்தனை நாட் வந்தால் பாயை ஒரு மடிப்புக் குறை, இத்தனை வந்தால் இரண்டு மடிப்பு. உடம்பை நம்பாமல் எண்ணை நம்பிப் பாயைச் சுருக்கும் ஒழுக்கம் உள்ளவர் கையில்தான் அந்தப் படகைக் கொடுக்க வேண்டும்.

எனவே கட்டமரான் பாதுகாப்பா, ஒற்றை உடல் பாதுகாப்பா என்று கேட்பவர்களிடம், ஓட்டுபவர் யார் என்று திருப்பிக் கேட்கிறேன். கிரேக்கத்தில் மாலுமி இல்லாமல் படகை எடுக்க உரிமம் பெற்ற ஒருவரும், அவருக்குத் துணையாகப் படகு தெரிந்த இன்னொருவரும் வேண்டும். இதைச் சம்பிரதாயமாக நினைக்கக் கூடாது. நங்கூரம் போடும்போது ஒருவர் சக்கரத்தில், ஒருவர் அணியத்தில் நிற்காமல் காரியம் நடக்காது.

பாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. பத்துப் பேர், பை, அரிசி, பழம், குடிதண்ணீர்ப் பாட்டில் எல்லாம் ஒரு டன்னைத் தொடும். தொட்டித் தண்ணீர் 600 லிட்டர் என்றால் அது 600 கிலோ. மொத்தம் 1.6 டன். 12 மீட்டர் கட்டமரானின் இரண்டு உடல்களும் தண்ணீர் மட்டத்தில் அடைத்துக்கொள்ளும் பரப்பு ஏறக்குறைய 20 சதுர மீட்டர் என்று வைத்தால், ஒவ்வொரு டன்னுக்கும் படகு 5 சென்டிமீட்டர் அமிழும். 8 சென்டிமீட்டர் அமிழ்ந்தால் என்ன என்று தோன்றலாம். கட்டமரான் வேகமாகப் போவதே அதன் உடல்கள் ஒல்லியாக இருப்பதால்தான். அமிழ்ந்தால் அந்த ஒல்லித்தனம் போய்விடும். அதைவிட, இரண்டு உடல்களுக்கும் நடுவே தொங்கும் தளம் அலைக்கு அருகில் வந்துவிடும். எதிர்க்காற்றில் போகும்போது அலை கீழேயிருந்து அந்தத் தளத்தை அறையும். கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு யாரோ தரையை உலக்கையால் இடிப்பதுபோல் இருக்கும்.

ஐரோப்பாவில் விற்கப்படும் படகுகளில் கட்டியவர் பெயரோடு ஒரு சிறு உலோகத் தகடு பொருத்தியிருப்பார்கள். அதிகபட்சம் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று அதில் பொறித்திருக்கும். படகைப் பேசும்போதே அந்தத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மெத்தை எண்ணிக்கையைவிட நம்பத்தக்க எண் அது.

வேகக் கணக்கும் ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் சிறு மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் இழுத்துப் பார்த்துக் கப்பலுக்கும் அலைக்கும் உள்ள உறவைக் கண்டறிந்தார். படகு போகும்போது தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீளமாகும். படகின் நீளத்துக்குச் சமமானதும் படகு தன் அலையின் பள்ளத்திலேயே சிக்கி, முன்னால் உள்ள மேட்டில் ஏற முடியாமல் திணறும். தண்ணீர் மட்டத்தில் 11 மீட்டர் நீளமுள்ள ஒற்றை உடல் படகுக்கு அந்த எல்லை சுமார் 8 நாட். நடைமுறையில் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒல்லி உடல் கட்டமரான் அந்தத் தடையைத் தாண்டக்கூடியதுதான். பத்துப் பேர் சாமானோடு அதுவும் ஆறு ஏழில்தான் போகும். ஐந்து நாட் வேகத்தில் நாளுக்கு 20 கடல் மைல் என்றால் நான்கு மணிநேரம். குளிக்கவும் சாப்பிடவும் ஊர் பார்க்கவும் பொழுது வேண்டுமானால் அதற்கு மேல் திட்டமிடக் கூடாது.

குமட்டல்தான் பலருடைய விடுமுறையைக் கெடுப்பது. காதின் உட்புறத்தில் உள்ள சமநிலை உறுப்பு ஆடுகிறோம் என்கிறது, அறைச் சுவரைப் பார்க்கும் கண் ஆடவில்லை என்கிறது. இந்த முரண்தான் வயிற்றைக் கலக்குகிறது. 1970-களில் அமெரிக்காவில் ஆட்களை அறையில் உட்காரவைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்ததில், ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெதுவான அசைவே மிக மோசம் என்று தெரிந்தது. நடுத்தரக் கடல் அலை ஏறத்தாழ அதே தாளத்தில்தான் வரும். ஒற்றை உடல் படகு ஒரு பக்கம் சாய்ந்தபடி இதில் ஏறி இறங்கும். கட்டமரான் சாயாது, ஆனால் சட்டென்று உலுக்கும். இரண்டு வகைக்கும் ஒன்று மட்டும் பொது. முன்னறை அதிகம் ஏறி இறங்கும், நடுவும் பின்னும் குறைவாக அசையும். வயிறு பலவீனமானவருக்குப் பின்னறையைக் கொடுத்து, பகலில் வெளியே உட்காரவைத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். செல்போனைப் பார்த்தால் கதை முடிந்தது.

தண்ணீரைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இதே கடலில் ஒற்றை உடல் படகில் ஏழு பேர் போனோம். இரண்டாம் நாள் மாலை, குழாயைத் திறந்ததும் தரைக்கு அடியில் பம்ப் கடகடவென்று ஓடத் தொடங்கியது. குழாயை மூடியும் நிற்கவில்லை. அந்தச் சத்தத்துக்குத் தொட்டி காலி என்று பொருள். வீட்டில் குளிப்பதுபோலக் குளித்திருக்கிறோம். 400 லிட்டரை ஏழு பேருக்கும் மூன்று நாளுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு நாளைக்கு 19 லிட்டர், நம் வீட்டு வாளி ஒன்றரை. கடலில் நீந்தி, பின்தட்டில் நின்று ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவினால் தாராளமாகப் போதும். முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கழிப்பறைக் குழாய் குறுகலானது, காகிதம்கூட உள்ளே போகக் கூடாது என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லுங்கள்.

இடத்துக்கு வருவோம். 12 மீட்டர் ஒற்றை உடல் படகு 4 மீட்டர் அகலம், தண்ணீருக்குக் கீழே 2 மீட்டர் ஆழம். கட்டமரான் 7 மீட்டர் அகலம், சுமார் 1.2 மீட்டர் ஆழம். ஆழம் குறைவு என்பதால் கரைக்கு நெருக்கமாக நங்கூரமிடலாம். இரண்டு எஞ்சின்களும் தள்ளித் தள்ளி இருப்பதால் நின்ற இடத்திலேயே சுற்றலாம். அகலத்துக்குத்தான் சிக்கல். இத்தாக்கா தீவின் கியோனி போன்ற சின்னத் துறைகளில் நங்கூரத்தை முன்னால் போட்டுவிட்டு, பின்பக்கமாகச் சுவரோடு சேர்த்துக் கட்டுவார்கள். மாலை நான்கு மணிக்கு ஒரு சந்து மிஞ்சியிருக்கும். நான்கு மீட்டர் படகு அதில் நுழைந்துவிடும். ஏழு மீட்டர் படகு வெளியே நங்கூரமிட்டு, ரப்பர்ப் படகில் கரைக்கு வர வேண்டியதுதான். வாடகையும் பல மரீனாக்களில் கட்டணமும் அகலத்தோடு ஏறும்.

இத்தனையையும் தங்கையிடம் தொலைபேசியில் இரண்டு மாலைகள் பேசினேன். "அண்ணா, அம்மா எப்படி ஏறி இறங்குவாங்க?" என்று அவள் கேட்டதுதான் முடிவைக் கொடுத்தது. அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. ஒற்றை உடல் படகில் வெளித்தளத்திலிருந்து கூடத்துக்கு ஐந்தாறு செங்குத்துப் படிகள், ஏணி என்றே சொல்லலாம். ஒவ்வொரு காபிக்கும் அதில் இறங்கி ஏற வேண்டும். கட்டமரானில் கூடமும் வெளித்தளமும் ஒரே மட்டம். படுக்கப் போகும்போது மட்டும் இரண்டு மூன்று படிகள். ஆனால் பத்துப் பேரையும் அதில் திணிக்க எனக்கு மனமில்லை. தங்கை மகன் உரிமம் எடுத்திருந்தான், அவன் மனைவியும் பயிற்சி பெற்றவள். அவர்களும் என் பிள்ளைகள் இருவரும் 36 அடி ஒற்றை உடல் படகில். அம்மாவோடு நாங்கள் ஆறு பேரும் ஒரு கிரேக்க மாலுமியும் நான்கு அறைக் கட்டமரானில். இரண்டு படகுக்கும் சேர்த்து வாடகை, நாங்கள் முதலில் பார்த்த பெரிய படகைவிடச் சற்றுத்தான் கூட.

நான்காம் நாள் மதியம் இத்தாக்காவுக்கும் கெஃபலோனியாவுக்கும் இடையிலான நீரிணையில் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் மலை, நடுவில் காற்று கூடிக்கொண்டே வந்தது. நூறு மீட்டர் தள்ளி பிள்ளைகளின் படகு நன்றாகச் சாய்ந்து, ஓரம் நுரையில் தோய்ந்தது. சக்கரத்தை நிமிர்த்தப் போராடிய தங்கை மகன் ஏதோ கத்தினான், அவன் மனைவி பாயைச் சுருக்கத் தொடங்கினாள். எங்கள் படகில் எதுவும் தெரியவில்லை. அம்மா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கையில் பிடிக்காமலே பேசிக்கொண்டிருந்தார். அப்போது எங்கள் மாலுமியும் எழுந்து கயிற்றை அவிழ்த்தார்.

"எதுக்குப்பா பாயை இறக்குறார்? ஒண்ணும் ஆடலையே?" என்றார் அம்மா.

நான் மாலுமியிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சக்கரத்துக்கு மேலே இருந்த காற்றுமானியை விரலால் தட்டிக் காட்டினார். 19. அதன் கீழே ஒட்டியிருந்த அட்டையில் முதல் மடிப்புக்கு நேராக 18 என்று எழுதியிருந்தது.